நிபந்தனையோடு வரும் ரிட்டர்ன்: படிப்பவருக்கு எளிதான வடிவத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) ஒரு நிபந்தனையைச் சோதித்து, அதற்கேற்ப இரண்டில் ஒரு மதிப்பைத் திருப்பித் தர, அதாவது ரிட்டர்ன் செய்ய, வேண்டும். நிரலாக்கத்தில் இதைவிடச் சிறிய வேலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் கோட் ரிவ்யூவில் அதிகமாக இழுபடும் விவாதங்களில் இதற்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. எல்ஸ் (இல்லையெனில் என்ற கிளை) தேவையா, டெர்னரி (நிபந்தனையையும் இரு மதிப்புகளையும் ஒரே வரியில் சொல்லும் `? :` வடிவம்) போதுமா, ஒரு செயற்கூற்றில் எத்தனை ரிட்டர்ன் இருக்கலாம் என்று அனுபவசாலிகள்கூட மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்த வழிகாட்டியில் வரும் எடுத்துக்காட்டுகளைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ரிட்டர்னுக்கு 'பின்கொடு' என்பதையும், தொகுதி முடியும் இடத்துக்கு 'முடி' என்பதையும் எழில் என்னும் தமிழ் நிரல்மொழியிலிருந்து எடுத்துக்கொண்டேன்; மற்றவை நானாக வைத்துக்கொண்டவை. நீங்கள் பைத்தானிலோ ஜாவாவிலோ கோ மொழியிலோ எழுதுபவராக இருந்தாலும் பொருள் மாறாது.

முதலில் இந்த மூன்றையும் பாருங்கள்.

```
அ)  நிபந்தனை எனில்
        பின்கொடு முதல்
    இல்லையெனில்
        பின்கொடு இரண்டாம்
    முடி

ஆ)  நிபந்தனை எனில்
        பின்கொடு முதல்
    முடி
    பின்கொடு இரண்டாம்

இ)  பின்கொடு நிபந்தனை ? முதல் : இரண்டாம்
```

கணினிக்கு மூன்றும் ஒன்றே. படிப்பவருக்கு அப்படியில்லை. 'அ' வடிவத்தைப் பார்ப்பவர், இரண்டு கிளைகளும் ஒரே தகுதி உடையவை, இரண்டையும் சமமாகக் கவனிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார். 'ஆ' வடிவம், முதலில் வருவது ஒரு விலக்கு, அதைத் தீர்த்துவிட்டால் மீதி இருப்பதுதான் செயற்கூற்றின் உண்மையான வேலை என்கிறது. 'இ' வடிவத்தைப் படிப்பவருக்கு இங்கே திருப்பித் தரப்படுவது ஒரே பொருள்தான், அதன் மதிப்பு மட்டும் சூழலுக்கேற்ப மாறுகிறது என்று தோன்றும். ஆகவே, வரிகளின் எண்ணிக்கையைப் பார்த்து வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது தவறான இடத்தில் தொடங்குவதாகும். கிளைகளுக்கு இடையே என்ன உறவு என்பதைக் கேட்டு, அந்த உறவைச் சொல்லும் வடிவத்தை எடுக்க வேண்டும். இனி வரும் படிகள் அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்பதற்கான வரிசைதான்.

படி 1: நிபந்தனையே விடையா என்று பாருங்கள்

செயற்கூறு உண்மை அல்லது பொய் என்று மட்டும் திருப்பித் தருகிறதென்றால், பல நேரங்களில் கிளையே தேவைப்படாது.

```
வயது >= 18 எனில்
    பின்கொடு உண்மை
இல்லையெனில்
    பின்கொடு பொய்
முடி
```

இதை `பின்கொடு வயது >= 18` என்று எழுதினால் போதும். ஒப்பீடு ஏற்கெனவே ஒரு பூலியன் மதிப்பைத்தான், அதாவது உண்மை அல்லது பொய்யைத்தான், தருகிறது; அதை மறுபடி விசாரித்து அதே மதிப்பைக் கொடுப்பது, ஆம் என்று சொன்னவரிடம் ஆமாவா என்று கேட்டுவிட்டு ஆம் என்று எழுதிக்கொள்வதைப் போன்றது. `== உண்மை` என்று ஒப்பிடும் பழக்கமும் இதே குடும்பம்தான். பைத்தானின் பெப் 8 பாணிக் கையேடு அதை வெளிப்படையாகவே வேண்டாம் என்கிறது.

ஆனால் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் வேறொரு சிக்கல் வரும். லீப் ஆண்டைக் கண்டுபிடிக்கும் செயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். 4ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. ஆனால் 100ஆல் வகுபட்டால் அல்ல. 400ஆல் வகுபட்டால் மறுபடியும் லீப் ஆண்டுதான். அதனால்தான் 1900 லீப் ஆண்டு அல்ல, 2000 லீப் ஆண்டு. ஒரே வரியில் எழுதினால் இப்படி வரும் (`%` என்பது வகுத்தபின் வரும் மீதி; இரட்டை & 'மற்றும்', `||` 'அல்லது', `!` மறுப்பு):

```
பின்கொடு (ஆண்டு % 4 == 0 && ஆண்டு % 100 != 0) || ஆண்டு % 400 == 0
```

விதியைச் சொல்லும் போக்கிலேயே எழுதினால் இப்படி:

```
ஆண்டு % 400 == 0 எனில் பின்கொடு உண்மை
ஆண்டு % 100 == 0 எனில் பின்கொடு பொய்
பின்கொடு ஆண்டு % 4 == 0
```

லீப் ஆண்டு விதி எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் முதல் வடிவம் யாரையும் தடுமாற வைக்காது. உங்கள் துறைக்கு மட்டுமே உரிய ஒரு விதி இதே சிக்கலோடு இருந்தால் நான் இரண்டாவது வடிவத்தையே பரிந்துரைப்பேன். ஒவ்வொரு வரியும் தனித்தனியாகச் சரியா என்று பார்க்க முடியும்; ஒவ்வொன்றின் அருகிலும் காரணத்தைக் குறிப்பாக எழுதலாம்; பிழை தேடும் கருவியான டீபக்கரில் ஒரு குறிப்பிட்ட வரியில் நிறுத்திப் பார்க்கலாம். `&&`, `||` இரண்டும் ஒரே கோவையில் (எக்ஸ்பிரஷனில்) கலந்து வந்து, அதில் ஒரு மறுப்பும் சேர்ந்துவிட்டால், பிரித்து எழுதுவதற்கான நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 'மற்றும்', 'அல்லது' செயற்குறிகள் பூலியனைத் தருவதில்லை. இரு பக்க மதிப்புகளில் ஒன்றை அப்படியே தருகின்றன. `பின்கொடு பயனர் && பயனர்.முகவரி` என்று எழுதிவிட்டு, முகவரி இருக்கிறதா என்பதற்கு உண்மை, பொய் என்று விடை வரும் என நினைத்தால், வருவது முகவரியேதான். அந்த மதிப்பு அப்படியே வெளிச்சேவைக்கு ஜேசன் வடிவில் அனுப்பும் தரவுக்குள் போய் உட்கார்ந்தால், பாணிப் பிரச்சினை தரவுக் கசிவாக மாறிவிடும். பூலியன் தருவதாகப் பெயரிலேயே வாக்குக் கொடுத்த செயற்கூறு, வெளிப்படையாக ஒப்பிட்டோ மாற்றியோ பூலியனையே தர வேண்டும்.

படி 2: எது முதன்மைப் பாதை, எது விலக்கு என்று பிரியுங்கள்

இந்தப் படிதான் அதிகப் பயன் தருவது. அதனால் இதில் சற்று நேரம் செலவிடுவோம். ஒரு நூலக உறுப்பினருக்கு நூலை இரவல் தரலாமா என்று முடிவு செய்யும் செயற்கூறு இது:

```
செயற்கூறு இரவல்_முடிவு(உறுப்பினர், நூல்)
    உறுப்பினர் != வெறுமை எனில்
        உறுப்பினர்.காலம்_உள்ளது எனில்
            உறுப்பினர்.கையிருப்பு < வரம்பு எனில்
                நூல்.அலமாரியில்_உள்ளது எனில்
                    முடிவு = "அனுமதி"
                இல்லையெனில்
                    முடிவு = "நூல் வெளியே உள்ளது"
                முடி
            இல்லையெனில்
                முடிவு = "வரம்பு நிறைந்தது"
            முடி
        இல்லையெனில்
            முடிவு = "உறுப்பினர் காலம் முடிந்தது"
        முடி
    இல்லையெனில்
        முடிவு = "உறுப்பினர் இல்லை"
    முடி
    பின்கொடு முடிவு
முடி
```

இதில் தவறு எதுவும் இல்லை. சரியாகவே வேலை செய்யும். ஆனால் கேள்விகள் எந்த வரிசையில் கேட்கப்பட்டனவோ அதற்கு நேர்மாறான வரிசையில் விடைகள் வருவதைக் கவனியுங்கள். முதல் கேள்விக்கான மறுப்பு கடைசியில் வருகிறது. 'உறுப்பினர் இல்லை' என்ற வரியைப் படிக்கும்போது அது எந்த நிபந்தனைக்கு உரியது என்று அறிய, உள்தள்ளலை (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை) விரலால் பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டியிருக்கிறது. அதோடு, 'அனுமதி' என்ற ஒரே வெற்றி வரி நான்கு அடுக்குகளுக்குள் புதைந்து கிடக்கிறது.

இதையே காவல் கூற்றுகளாக, அதாவது உள்ளே விடலாமா என்று வாசலிலேயே விசாரிக்கும் வரிகளாக, மாற்றினால் இப்படி ஆகும்:

```
செயற்கூறு இரவல்_முடிவு(உறுப்பினர், நூல்)
    உறுப்பினர் == வெறுமை எனில் பின்கொடு "உறுப்பினர் இல்லை"
    !உறுப்பினர்.காலம்_உள்ளது எனில் பின்கொடு "உறுப்பினர் காலம் முடிந்தது"
    உறுப்பினர்.கையிருப்பு >= வரம்பு எனில் பின்கொடு "வரம்பு நிறைந்தது"
    !நூல்.அலமாரியில்_உள்ளது எனில் பின்கொடு "நூல் வெளியே உள்ளது"

    பின்கொடு "அனுமதி"
முடி
```

கேள்வியும் விடையும் ஒரே வரியில் சேர்ந்துவிட்டன. ஒரு வரியைப் படித்து முடித்தபின் அதை மறந்துவிடலாம். அடுத்த வரிக்கு வரும்போது முந்தைய நிபந்தனை கடந்துபோனது என்பது உறுதி. வேடிக்கை என்னவென்றால், தாமஸ் மெக்கேப் 1976இல் முன்வைத்த சைக்ளோமேட்டிக் சிக்கலளவைப் பெரும்பாலான கருவிகள் கணக்கிடும் முறையில் பார்த்தால், இரண்டு வடிவங்களுக்கும் மதிப்பெண் ஒன்றுதான்: நான்கு முடிவுகள், அதனுடன் ஒன்று, ஆக ஐந்து. அந்த எண் பாதைகளைத்தான் எண்ணுகிறது. படிப்பவர் ஒரே நேரத்தில் எத்தனை நிபந்தனைகளை மனத்தில் சுமக்க வேண்டும் என்பதை அது அளப்பதில்லை.

அடுக்கிய நிபந்தனைகளைக் காவல் கூற்றுகளாக மாற்றும்போது ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திருப்பிப் போடாதீர்கள். வெளி அடுக்கிலிருந்து தொடங்குங்கள். வெளி நிபந்தனையை மறுத்து, அதன் எல்ஸ் பகுதியில் இருந்ததை மேலே கொண்டுவந்து ரிட்டர்னாக்கி, மீதியை ஓர் அடுக்கு இடப்பக்கம் நகர்த்தி, சோதனைகளை ஓட்டிய பிறகே அடுத்த அடுக்குக்குப் போங்கள். தவறு பெரும்பாலும் மறுக்கும் இடத்தில்தான் நுழையும். `<` என்பதன் மறுப்பு `>=`; அவசரத்தில் `>` என்று எழுதினால் வரம்பைத் தொட்டு நிற்பவருக்கு ஒரு நூல் கூடுதலாகக் கிடைத்துவிடும். தசம எண்களோடு வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஐஇஇஇ 754 தரப்படி, எண் அல்ல என்று பொருள்படும் நேன் மதிப்போடு செய்யும் `<`, `>=` ஒப்பீடுகள் இரண்டுமே பொய்யாகும். ஆகவே அங்கே `!(அ < ஆ)` என்பதும் `அ >= ஆ` என்பதும் ஒன்றல்ல.

கூட்டு நிபந்தனையை மறுக்கும்போது டி மார்கன் விதிகள் கைகொடுக்கும்: 'அல்லது' என்பதை மறுத்தால் 'மற்றும்' ஆக வேண்டும், 'மற்றும்' என்பதை மறுத்தால் 'அல்லது' ஆக வேண்டும். விதி தெரிந்தவர்களும் தவறுவார்கள் என்பதற்கு நானே சாட்சி. அனுமதி சோதிக்கும் ஒரு செயற்கூற்றைத் தட்டையாக்கியபோது, 'நிர்வாகி அல்லது உரிமையாளர்' என்பதன் மறுப்பை 'நிர்வாகி அல்ல அல்லது உரிமையாளர் அல்ல' என்று எழுதிவிட்டேன். இரண்டு தகுதியும் உள்ளவரைத் தவிர மற்ற எல்லோரையும் அந்த வரி வெளியே தள்ளியது. நாங்கள் சோதனைக்கு வைத்திருந்த கணக்குக்கு இரண்டு தகுதியும் இருந்ததால் சோதனைகள் எல்லாம் பச்சையாகவே ஓடின. பயனர்கள் புகார் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, கூட்டு நிபந்தனையை மறுக்க வேண்டுமென்றால், முதலில் அதற்கு `அணுகலாம்` என்பது போன்ற ஒரு பெயர் கொடுத்து ஒரு மாறியில் வைத்துவிட்டு, `!அணுகலாம் எனில்` என்று மாறியைத்தான் மறுக்கிறேன். உள்ளே இருப்பதை நான் தொடுவதே இல்லை.

காவல் கூற்றுகளின் வரிசையும் பொருள் உடையதுதான். வெறுமைச் சோதனை, அந்த மதிப்பைப் பயன்படுத்தும் வரிக்கு முன்னால் வர வேண்டும் என்பது வெளிப்படை. செலவு குறைந்த சோதனை முன்னாலும், தரவுத்தளத்தைத் தொடும் சோதனை பின்னாலும் வருவது நல்லது. அனுமதி தொடர்பான செயற்கூறுகளில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு: 'இப்படி ஓர் ஆவணமே இல்லை' என்ற சோதனையை 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்பதற்கு முன்னால் வைத்தால், அனுமதி இல்லாத ஒருவர் எந்தெந்த ஆவணங்கள் இருக்கின்றன என்பதை விடைகளின் வேறுபாட்டைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு நிபந்தனைகள் ஒரே நேரத்தில் தோற்கும்போது எந்தச் செய்தி போக வேண்டும் என்பது, பாணியைத் தாண்டிய வடிவமைப்பு முடிவு. காவல் கூற்றுகள் ஆறேழுக்கு மேல் சேர்ந்துவிட்டால் அவற்றை ஒரு தனிச் சரிபார்ப்புச் செயற்கூறாகப் பிரிப்பது பற்றி யோசியுங்கள்.

ஒற்றை வரிக் காவல் கூற்றை எப்படி எழுதுவது என்பதில் ஒரு வரலாற்றுப் பாடம் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் ஆப்பிளின் ஐஓஎஸ், ஓஎஸ் எக்ஸ் இயங்குதளங்களில் வெளிப்பட்ட 'கோடு ஃபெயில்' (goto fail) பிழையில், ஒரு நிபந்தனைக்குக் கீழே நெளிவு அடைப்புக்குறி இல்லாமல் இருந்த தாவல் வரி (நிரலின் வேறோர் இடத்துக்குத் தாவச் சொல்லும் கோடு கூற்று) இரண்டு முறை வந்துவிட்டது. முதலாவது நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது எந்த நிபந்தனைக்கும் உட்படாமல் எப்போதும் ஓடியது. உள்தள்ளல் இரண்டுக்கும் ஒன்றாக இருந்ததால் கண்ணில் படவில்லை. பிழைக்குறி இன்னும் பூச்சியமாகவே இருந்த நிலையில் அந்தத் தாவல் நடந்ததால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் கடைசிக் கட்டம் தவிர்க்கப்பட்டு, இணைப்பு பாதுகாப்பானது என்று விடை போனது. காவல் கூற்று முழுவதும் ஒரே வரியில் இருக்கலாம்; அல்லது அடைப்புக்குறியோடு மூன்று வரியில் இருக்கலாம். அடைப்புக்குறி இல்லாமல் இரண்டு வரியில் பிரிந்து நிற்கும் வடிவத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 2016இல் வந்த ஜிசிசி 6 கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவியில்) ஏமாற்றும் உள்தள்ளலைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. சி மொழியில் எழுதுபவர்கள் அதை அணைத்து வைக்கக் கூடாது.

ஸ்விஃப்ட் மொழி இந்தப் பாணியை மொழியின் இலக்கணமாகவே ஆக்கிவிட்டது. 2015இல் வந்த ஸ்விஃப்ட் 2இல் 'கார்ட்' கூற்று அறிமுகமானது. அதன் எல்ஸ் பகுதி அந்தத் தொகுதியை விட்டு வெளியேறாவிட்டால் கம்பைலர் ஏற்காது. ரஸ்ட் மொழியிலும் 2022 நவம்பரில் வந்த 1.65 பதிப்பில் 'லெட் எல்ஸ்' என்ற பெயரில் இதற்கு நிகரான வசதி நிலைபெற்றது.

படி 3: கிளைகள் சமமானவை என்றால் எல்ஸை விட்டுவையுங்கள்

ரிட்டர்னுக்குப் பின் எல்ஸ் தேவையில்லை என்ற விதியை, நிரலை ஓட்டாமலே குறை சொல்லும் பல கருவிகள் (லின்டர்கள்) கையில் வைத்திருக்கின்றன. ஈஎஸ்லின்ட்டில் அதற்கென ஒரு விதி உண்டு, பைலின்ட்டில் உண்டு, கிளாங் டைடியிலும் உண்டு. எல்எல்விஎம் கம்பைலர் திட்டத்தின் பாணிக் கையேடும் அதையே சொல்கிறது. தர்க்கப்படி இந்த விதி சரி: முதல் கிளை ரிட்டர்ன் ஆகிவிட்டால், எல்ஸ் என்ற சொல் கணினிக்கு எந்தப் புதிய செய்தியையும் தருவதில்லை.

எனினும் நான் இதை முழுதாக ஏற்பதில்லை. ஒரு மதிப்பெண் தேர்ச்சி வரம்பைத் தொட்டால் 'தேர்ச்சி', இல்லாவிட்டால் 'மறுதேர்வு' என்று திருப்பித் தரும் செயற்கூற்றில் எது விலக்கு? இரண்டும் சம எடை கொண்ட விடைகள். அங்கே எல்ஸை நீக்கினால், இரண்டாவது விடை ஒரு உள்தள்ளல் அடுக்கு மேலே வந்து, அதுதான் முதன்மை என்ற பொய்யான தோற்றத்தைத் தருகிறது. எல்ஸ் கணினிக்குத் தேவைப்படாவிட்டாலும், இரண்டு கிளைகளும் ஒரு தராசின் இரு தட்டுகள் என்பதைப் படிப்பவருக்குச் சொல்லும் வேலையை அது செய்கிறது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: நிபந்தனையை மறுத்து இரண்டு கிளைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றிய வடிவமும் அதே அளவுக்கு இயல்பாகப் படித்தால் கிளைகள் சமம், எல்ஸ் இருக்கட்டும். மாற்றியது கோணலாகத் தெரிந்தால் ஒன்று விலக்கு. காவல் கூற்றாக எழுதுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு: மொழிச் சமூகம் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தால் அதை மீறாதீர்கள். கோ மொழியின் அதிகாரப்பூர்வ வழிகாட்டி, உள்ளே ரிட்டர்ன் இருந்தால் தேவையற்ற எல்ஸை விடும்படி கூறுகிறது; அந்த மொழியில் எழுதுபவர்கள், வெற்றிப் பாதை பக்கத்தின் இடது ஓரமாக நேரே இறங்கி வரும் என்று எதிர்பார்த்தே படிக்கிறார்கள். அங்கே என் விருப்பத்தைவிட அவர்களுடைய எதிர்பார்ப்புதான் பெரிது.

படி 4: டெர்னரியை மதிப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள்

டெர்னரி பொருந்தும் இடம் குறுகியது, ஆனால் தெளிவானது. இரண்டு கிளைகளும் ஒரே வகையான மதிப்பைத் தர வேண்டும். இரண்டிலும் பக்கவிளைவு எதுவும், அதாவது மதிப்பைத் தருவதோடு வேறெதையும் மாற்றுவது, இருக்கக் கூடாது. மூன்று பகுதிகளும் சேர்ந்து ஒரே வரியில் நெருக்கடி இல்லாமல் அமர வேண்டும். `பின்கொடு எண்ணிக்கை == 1 ? "கோப்பு" : "கோப்புகள்"` என்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதை நான்கு வரியாக விரிப்பதால் யாருக்கும் எதுவும் தெளிவாகப் போவதில்லை.

டெர்னரிக்குள் டெர்னரி வந்தால் நிலைமை வேறு. அடுக்கிய டெர்னரியைச் சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மொழிகள் வலமிருந்து சேர்த்துப் பொருள்கொள்ளும். பிஎச்பி பழைய பதிப்புகளில் இடமிருந்து சேர்த்தது. அதனால் வேறு மொழியிலிருந்து வந்தவர் எழுதிய அடுக்குத் தொடர் அமைதியாகத் தவறான விடையைத் தந்துகொண்டிருந்தது. பிஎச்பி 7.4இல் அடைப்புக்குறி இல்லாத அடுக்கலைக் கைவிடும்படி எச்சரித்தார்கள், 8.0 முதல் அது பிழையாகவே ஆகிவிட்டது. மொழியை வடிவமைத்தவர்களே தடை செய்ய வேண்டியிருந்த ஒரு வடிவத்தை, தடை இல்லாத மொழிகளிலும் தவிர்ப்பதே நல்லது.

கோ மொழியில் டெர்னரி இல்லவே இல்லை. பைத்தானில் 2006இல் வந்த 2.5 பதிப்பு முதல் உண்டு. ஆனால் மதிப்பு முதலிலும் நிபந்தனை நடுவிலும் வரும். காட்லின், ரஸ்ட் மொழிகளில் இஃப் தானே ஒரு கோவை என்பதால், தனியாக டெர்னரிக்குத் தேவை எழவில்லை. அங்கே 'அ' வடிவமும் 'இ' வடிவமும் ஒன்றாகிவிடுகின்றன.

வரியை மடிக்கும்போது ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பொறி காத்திருக்கிறது. ரிட்டர்ன் என்ற சொல்லுக்குப் பின் வரியை முறித்து, மதிப்பை அடுத்த வரியில் எழுதினால், மொழி தானாகவே ரிட்டர்னுக்குப் பின் அரைப்புள்ளியைச் செருகிவிடும். செயற்கூறு வரையறுக்கப்படாத மதிப்பைத் திருப்பித் தரும். அடுத்த வரி ஓடவே ஓடாது. நீளமான டெர்னரியை மடிக்க வேண்டுமென்றால் ரிட்டர்ன் இருக்கும் வரியிலேயே ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டுப் பிறகு மடியுங்கள்.

மாற்று மதிப்பு தரும் குறுக்குவழியிலும் கவனம் தேவை. `பின்கொடு அமைப்பு.அளவு || 10` என்றால், அளவு பூச்சியமாகவே இருக்க வேண்டும் என்று ஒருவர் வேண்டுமென்றே அமைத்திருந்தாலும் 10 தான் போகும். வெற்றுச் சரத்துக்கும் இதே கதிதான். ஜாவாஸ்கிரிப்டில் 2020 தரத்தோடு வந்த `??` செயற்குறி, மதிப்பு உண்மையிலேயே இல்லாதபோது மட்டும் மாற்றைத் தருவதால், பெரும்பாலும் நாம் சொல்ல நினைத்தது அதுதான்.

டெர்னரியின் கண்ணுக்குத் தெரியாத செலவு சோதனை அறிக்கையில் இருக்கிறது. சோதனைகள் நிரலில் எவ்வளவைத் தொட்டன என்று காட்டும் கவரேஜ் கருவி வரிகளை மட்டும் எண்ணினால், டெர்னரியின் ஒரு கிளை ஓடியிருந்தாலே அந்த வரி சோதிக்கப்பட்டதாகக் கணக்கு வைத்துவிடும். கிளைகளை எண்ணும் முறையை இயக்கி வைத்தால் இந்தக் குறை தீரும்.

படி 5: கிளைகள் மூன்றைத் தாண்டினால் வேறு கருவியை எடுங்கள்

ஒரே மாறியை வெவ்வேறு மதிப்புகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் நீண்ட தொடர், உண்மையில் ஓர் அட்டவணை. அதை அகராதியாகவோ மேப்பாகவோ எழுதிவிட்டு, `பின்கொடு அட்டவணை[குறி]` என்று முடித்துவிடலாம்; அட்டவணையில் இல்லாத குறி வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் மறக்காமல் முடிவு செய்யுங்கள். கிளைகளில் கணக்கீடு இருந்தால், ஜாவாவில் 2020 மார்ச்சில் வந்த 14ஆம் பதிப்பில் நிலைபெற்ற ஸ்விட்ச் கோவை, பைத்தான் 3.10இன் மேட்ச் கூற்று, ரஸ்ட்டின் மேட்ச் ஆகியவை பொருத்தமானவை. கம்பைலர் எல்லா வகைகளும் கையாளப்பட்டனவா என்று சரிபார்க்கும் மொழிகளில், சோம்பலுக்காக 'மற்றவை' என்ற பொதுக் கிளையைச் சேர்க்காதீர்கள். நாளை ஒரு புதிய வகை சேரும்போது, எந்தெந்த இடங்களைத் திருத்த வேண்டும் என்று கம்பைலர் சொல்லியிருக்கும். அந்தப் பொதுக் கிளை அதன் வாயை அடைத்துவிடும்.

படி 6: ஒரே வாசல் விதி உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

ஒரு செயற்கூற்றுக்கு ஒரே ஒரு ரிட்டர்ன்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்பவர்களை நீங்கள் சந்திப்பீர்கள். இதன் வேர் கட்டமைப்பு நிரலாக்க இயக்கத்தில் இருக்கிறது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968இல் கோடு (goto) என்னும் தாவல் கூற்றின் தீமை பற்றி எழுதிய கடிதம் அதற்கு ஊக்கம் கொடுத்தது. நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியின் தொடக்க வடிவத்தில் ரிட்டர்ன் என்ற கூற்றே இல்லை. செயற்கூற்றின் பெயருக்கே மதிப்பை இட்டுவிட்டு, இறுதிவரை நடந்து போக வேண்டும். அந்த மொழியில் பயின்ற தலைமுறைக்கு ஒரே வாசல் என்பது இயல்பான பழக்கமாகவே படிந்துவிட்டது.

இந்த விதிக்கு இன்றும் நியாயம் உள்ள இடம் ஒன்று உண்டு: திறந்த கோப்பையும் ஒதுக்கிய நினைவகத்தையும் கையாலேயே விடுவிக்க வேண்டிய சி மொழி. நடுவில் ஒரு ரிட்டர்னைச் செருகுபவர், அதற்கு முன் எதையெல்லாம் விடுவிக்க வேண்டும் என்று அறிந்திருக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் கசிவுதான். அதனால்தான் லினக்ஸ் கெர்னலின் பாணிக் கையேடு, துப்புரவு வேலை இருக்கும் செயற்கூறுகளில் கோடு மூலம் இறுதியில் உள்ள ஒரே இடத்துக்குத் தாவுவதை ஏற்கிறது. துப்புரவு எதுவும் இல்லையென்றால் நேரடியாக ரிட்டர்ன் செய்யும்படியும் அதே கையேடு சொல்கிறது. வாகனங்களுக்கான மென்பொருளில் புழங்கும் மிஸ்ரா சி விதித்தொகுப்பில், 2004 பதிப்பில் கட்டாயமாக இருந்த ஒரே வாசல் விதி, 2012 பதிப்பில் பரிந்துரையாகத் தளர்த்தப்பட்டது. நீங்கள் அத்தகைய துறையில் இருந்தால் உங்கள் தரக் கையேடு சொல்வதே முடிவு.

சி++இன் அழிப்பான்கள், கோ மொழியின் டிஃபர், பைத்தானின் வித், ஜாவாவின் ட்ரை தொகுதிகள் எல்லாம், எந்த வாசலால் வெளியேறினாலும் துப்புரவு நடந்தே தீரும் என்று உறுதி செய்கின்றன. அங்கே முன்கூட்டிய ரிட்டர்னுக்குப் பயப்படத் தேவையில்லை. எப்படி வெளியேறினாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி தொகுதிக்குள் மட்டும் ரிட்டர்ன் எழுதாதீர்கள்: ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அது மேலே திருப்பித் தந்த மதிப்பை மாற்றிவிடுவதோடு, எழுந்த பிழை அறிவிப்பையும் (எக்ஸெப்ஷன்) சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

படி 7: விழுந்துபோகும் பாதையை மூடுங்கள்

சில கிளைகள் மதிப்பைத் திருப்பித் தந்து, ஒரு கிளை மட்டும் எதுவும் தராமல் இறுதிவரை நழுவிப் போனால், பைத்தானில் நன் (None) என்ற வெறுமை மதிப்பும் ஜாவாஸ்கிரிப்டில் வரையறுக்கப்படாத மதிப்பும் போய்ச் சேரும். எழுதியவர் அதை வேண்டுமென்றே செய்தாரா, மறந்தாரா என்று படிப்பவருக்குத் தெரியாது. ஒரு செயற்கூற்றில் ஒரு ரிட்டர்ன் மதிப்பைத் தந்தால் எல்லா ரிட்டர்ன்களும் மதிப்பைத் தர வேண்டும் என்றும், மதிப்பில்லாத இடத்தில் வெறுமையை வெளிப்படையாக எழுத வேண்டும் என்றும் பெப் 8 சொல்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் விதிகள் பைலின்ட்டிலும் ஈஎஸ்லின்ட்டிலும் உள்ளன. இந்த வழிகாட்டியில் வரும் லின்டர் விதிகளில் நான் தயங்காமல் இயக்கச் சொல்வது இவற்றைத்தான்.

படி 8: பழைய நிரலுக்குள் கொண்டுபோகும்போது

ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் வடிவத்தை மாற்றுவதும் நடத்தையை மாற்றுவதும் ஒரே கமிட்டில், அதாவது ஒன்றாகச் சேர்த்துப் பதியும் மாற்றத் தொகுப்பில், வரக் கூடாது. அடுக்குகளைத் தட்டையாக்கினால் உள்தள்ளல் மாறி, செயற்கூறு முழுவதுமே மாறியதாக டிஃப் (பழைய, புதிய வரிகளின் வேறுபாட்டுப் பட்டியல்) காட்டும். அந்தக் கூட்டத்துக்குள் உண்மையாகவே மாறிய ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தால் ரிவ்யூ செய்பவரால் கண்டுபிடிக்க முடியாது. முதல் கமிட்டில் வடிவத்தை மட்டும் மாற்றுங்கள். ரிவ்யூ செய்பவரிடம், இடைவெளி மாற்றங்களை மறைத்துக் காட்டும் வசதியோடு டிஃபைத் திறக்கச் சொல்லுங்கள். அப்போது மறுக்கப்பட்ட நிபந்தனைகளும் இடம்பெயர்ந்த ரிட்டர்ன்களும் மட்டும் எஞ்சி நிற்கும். ஒவ்வொரு மறுப்பையும் பழைய வரியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எல்லை மதிப்புக்கு ஒரு சோதனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு இரண்டாவது கமிட்டில் புதிய காவல் கூற்றைச் சேருங்கள். அந்த டிஃப் ஒரே ஒரு வரியாக இருக்கும்.